குழந்தைகளும் திரை நேரமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுப்பாடமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட பிறகு, "ஒரு மணி நேரம்தான், அப்புறம் மூடி வைத்துவிட வேண்டும்" என்ற பழைய சட்டம் பல வீடுகளில் செல்லுபடியாவதில்லை. படிக்கிறேன் என்று உட்காரும் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கவும் முடியாது. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு முதல் மூன்று போதும். பள்ளி போகும் பிள்ளை இருந்தால் நான்காவதிலிருந்து படிக்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே இதற்கு நேரான பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒன்றரை வயது வரை வீடியோ கால் தவிர வேறெதுவும் வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரம், முடிந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து.

ஆறு வயதுக்கு மேல்தான் சிக்கல். அதே அகாடமி ஒரு காலத்தில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் என்று கணக்குச் சொல்லி வந்தது. 2016-இல் பெரிய பிள்ளைகளுக்கு அந்த எண்ணைக் கைவிட்டு, நிலையான ஒரு வரம்பு வையுங்கள், தூக்கமும் ஓடியாடுவதும் கெடாமல் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. பிரிட்டனின் குழந்தை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2019-இல் எண்ணே சொல்லவில்லை. அதற்குப் பதில் குடும்பங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகள் கொடுத்தது. திரை நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? குடும்பமாகச் செய்ய நினைப்பதற்கு அது குறுக்கே வருகிறதா? தூக்கத்தைக் கெடுக்கிறதா? பார்த்துக்கொண்டே கொறிப்பதை அடக்க முடிகிறதா?

எண் வேண்டும் என்று விடாமல் கேட்பவர்களிடம், கழித்துப் பாருங்கள் என்பேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்து என்று வையுங்கள். பள்ளி, போய்வரும் நேரம் சேர்த்து எட்டு. குளியல், சாப்பாடு, கிளம்பும் அமளி எல்லாம் இரண்டு. வெளியில் விளையாட ஒன்றரை. வீட்டுப்பாடம் ஒன்று. இதுவே இருபத்திரண்டரை ஆகிவிட்டது. மிச்சமுள்ள ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் கதைப்புத்தகம், தங்கையோடு சண்டை, சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எல்லாம் அடங்க வேண்டும். பள்ளி நாளில் பொழுதுபோக்குத் திரைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை என்பது இப்படி வருகிற கணக்கு. உங்கள் வீட்டில் வேறு மாதிரி வந்தால் அந்த எண்ணே உங்களுக்குச் சரி.

பாட்டுப் போட்டுக் காட்டினால் சீக்கிரம் பேச்சு வரும் என்கிறார்களே?

கைக்குழந்தைக்கு வராது. இதை 2003-இல் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு மாண்டரின் பேசும் பெரியவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 அமர்வுகளில் புத்தகம் படித்துப் பொம்மை காட்டிப் பேசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தது. திரையில் பார்த்தவர்களுக்கு, எதையுமே கேட்காத குழந்தைகளைவிட ஒரு படி கூட அதிகம் தெரியவில்லை. குழந்தை வீடியோவைக் கண் கொட்டாமல் பார்ப்பதை வைத்துக் கற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டரை, மூன்று வயதுக்குப் பிறகு நல்ல நிகழ்ச்சியிலிருந்து சொற்களைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். அப்போதும், "அந்த யானை எங்கே போச்சு?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டால்தான் வேகம் பிடிக்கும்.

பாட்டியோடு வீடியோ கால் பேசுவதும் கணக்கில் வருமா?

வராது. பாட்டி பதில் பேசுகிறார், குழந்தை சிரித்தால் சிரிக்கிறார். தாராளமாகப் பேசட்டும்.

பள்ளி வேலைக்காகக் கம்ப்யூட்டரில் உட்காருவதைத் திரை நேரத்தில் கழிக்கலாமா?

வேண்டாம். அதிகம் சண்டை வருகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுப்பாட நேரத்தை விளையாட்டு நேரத்தில் கழித்தால், நிறைய வீட்டுப்பாடம் வந்த நாளில் பிள்ளைக்கு இரட்டைத் தண்டனை. அடுத்த நாளே அரைகுறையாக முடித்துவிட்டு ஓடி வரும். அதற்காகப் படிப்பைக் கணக்கே இல்லாமல் விட்டுவிட்டால், "படிக்கிறேன்" என்ற ஒரு சொல் எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியாகிவிடும். இரண்டு கணக்காகப் பிரிப்பதே வழி. பொழுதுபோக்குக்கு நேர வரம்பு. படிப்புக்கு வேலை வரம்பு.

வேலை வரம்பு என்றால், உட்காருவதற்கு முன் ஒரே கேள்வி: "எது முடிந்தால் எழுந்திருப்பாய்?" 'அறிவியல் படிக்கணும்' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். 'எரிமலை பற்றி அரைப் பக்கம் எழுதணும்' என்றால் சரி. இந்த எரிமலையையே கொஞ்சம் கவனித்தால் விஷயம் புரியும். தேடலில் 'எரிமலை' என்று போட்டதும் முதலில் வருவது வீடியோ. அது எட்டு நிமிடம், உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அது முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. உலகின் பத்துப் பெரிய வெடிப்புகள். மூன்றாவதில் யாரோ எரிமலைக்குள் கல்லைத் தூக்கிப் போடுகிறார்கள். நான்காவதில் எரிமலையே இல்லை, கல்லைத் தூக்கிப் போட்டவர் இப்போது காரைத் தூக்கிப் போடுகிறார். நாற்பது நிமிடம் ஆயிற்று, நோட்டில் தலைப்பு மட்டும் இருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை, படிக்கத்தான் உட்கார்ந்தது.

இதைத் தடுக்கக் காவல் நிற்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே, தாளில் மூன்று கேள்வி எழுதச் சொல்லுங்கள். எரிமலை ஏன் வெடிக்கிறது? குழம்பு எவ்வளவு சூடு? வெடிக்கப்போவது முன்கூட்டியே தெரியுமா? பதில் கிடைத்ததும் தாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றும் நிரம்பினால் தேடல் முடிந்தது. எழுதுவதைக் கம்ப்யூட்டரில் செய்வதா நோட்டில் செய்வதா என்பதைப் பள்ளி சொன்னபடி வைத்துக்கொள்ளலாம்.

நீளமான பாடத்தைத் திரையில் படிக்க வேண்டியிருந்தால், முடிந்தவரை அச்சடித்துக் கொடுங்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், தகவல் கட்டுரைகளைத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நேர நெருக்கடி இருந்தபோது வித்தியாசம் இன்னும் கூடியது.

ஒன்று மட்டும் இரண்டு கணக்குக்கும் பொது. கண்ணுக்கும் முதுகுக்கும் தூக்கத்துக்கும் படிப்புத் திரை, விளையாட்டுத் திரை என்ற வித்தியாசம் தெரியாது. இடைவேளையும், இரவு மூடும் நேரமும் வீட்டுப்பாடத்துக்கும் பொருந்தும்.

கம்ப்யூட்டரில் அதிக நேரம் படித்தால் மதிப்பெண் கூடுமா?

அப்படி ஒரு நேர்க்கோடு கிடையாது. பீசா எனப்படும் பன்னாட்டு மாணவர் தேர்வின் 2012 முடிவுகளை வைத்து, அந்தத் தேர்வை நடத்தும் நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிகளில் கம்ப்யூட்டருக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் மூன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை என்பதே அதில் கண்டது. இயந்திரம் இருப்பதும் கற்பதும் வேறு வேறு.

'கல்வி ஆப்' என்று போட்டிருந்தால் நம்பிவிடலாமா?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேறெதையும் பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான கணக்கு ஆப்களில் 7 + 8 என்று வரும், கீழே நான்கு விடைகள் இருக்கும். பிள்ளை ஒன்றைத் தொடும், சிவப்பு. அடுத்ததைத் தொடும், சிவப்பு. மூன்றாவதைத் தொட்டதும் நட்சத்திரம் கொட்டும், ஒரு கரடி கைதட்டும். பிள்ளை எதையும் கூட்டவில்லை. தொட்டுக்கொண்டே போனால் கரடி வரும் என்பதைத்தான் கற்றுக்கொண்டது. நல்ல ஆப் என்றால் தப்பான விடைக்குப் பிறகு ஏழு புள்ளியையும் எட்டுப் புள்ளியையும் காட்டி எண்ண வைக்கும், அல்லது எளிதான கணக்கு ஒன்றுக்கு இறங்கும். நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லாமல் எண்ணைத் தானே எழுதச் சொல்வது இன்னும் நல்லது.

அதோடு, விளம்பரம் குறுக்கே வருகிற ஆப், "இன்று வரவில்லையே, உன் செல்லப்பிராணி அழுகிறது" என்று அறிவிப்பு அனுப்புகிற ஆப் இரண்டையும் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

இலவசமாகவும் விளம்பரமில்லாமலும் வேண்டுமென்றால் கல்வி விளையாட்டுகளின் தொகுப்பான ஜிகாம்ப்ரி, படம் வரைவதற்கான டக்ஸ் பெயின்ட் இரண்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. பார்க்கப் பழசாகத் தெரியும். அது ஒரு நல்ல குணம் என்றே நினைக்கிறேன். பிள்ளைக்குப் போதும் என்று தோன்றியதும் எழுந்து போய்விடும்.

ஸ்கிராட்ச் போன்றவற்றில் கேம் செய்கிறான். அது படிப்பா, விளையாட்டா?

ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-இல் வந்த, கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள். எட்டு முதல் பதினாறு வயதுக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. அதைவிடச் சின்னவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் 2014-இல் வந்தது.

அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்த விஷயம் இது. ஒரு பூனையை நடக்க வைக்கிறான். பூனை திரையின் ஓரத்தில் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தைத் தொட்டால் திரும்பு என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்துச் செருகுகிறான். இப்போது திரும்புகிறது, ஆனால் தலைகீழாக நடந்து வருகிறது. ஏன் என்று யோசிக்கிறான், திருப்பும் விதத்தை மாற்றுகிறான், நிமிர்கிறது. இந்த இருபது நிமிடத்தில் அவன் செய்தது முழுக்க முழுக்கக் கணித வேலை. இதைக் கடிகாரம் வைத்து நடுவில் வெட்டாதீர்கள். தலைகீழ்ப் பூனையை நிமிர்த்தும் வரை விடுங்கள்.

அதே ஸ்கிராட்ச் தளத்தில் மற்றப் பிள்ளைகள் செய்து போட்ட கேம்களும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை ஒன்று மாற்றி ஒன்று ஆடிக்கொண்டிருந்தால் அது விளையாட்டு நேரம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பை நிறுவிக் கொடுத்துவிடலாம்.

படம் வரைவது, இசை அமைப்பது, வீடியோ வெட்டி ஒட்டுவது எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். எழுந்திருக்கும்போது தான் செய்தது என்று காட்ட ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கணக்கில் கொஞ்சம் தாராளம் காட்டலாம்.

நேரம் முடிந்தது என்றதும் அழுது புரள்கிறாள். என்ன செய்வது?

இன்னும் இரண்டு நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்பார்கள். சின்னக் குழந்தைகளிடம் அது பலிப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், சின்னக் குழந்தைகள் திரையிலிருந்து எழும் தருணங்களைப் பெற்றோரைக் குறித்து வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது அழுகை கூடியிருந்தது. நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், தினமும் அந்த வேளையில் நிறுத்துவது வழக்கமாக இருந்தபோதும், பெரும்பாலும் சத்தமில்லாமல் எழுந்துவிட்டார்கள்.

ஆகவே நிமிடத்தில் பேசுவதை விட்டுவிடுங்கள். நாலு வயதுக் குழந்தைக்குப் பதினைந்து நிமிடம் என்பது பொருளற்ற சத்தம். "இரண்டு கதை" என்றால் புரியும். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். முடிவே இல்லாத ஒன்றிலிருந்து ஒரு குழந்தையை எழச் சொல்வது அநியாயம். குட்டி வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்துகொண்டே இருக்கும் ஆப்களில் அணைக்க ஒன்றும் இல்லை. அவற்றைப் பத்து வயது வரையாவது வீட்டுக்குள் விடாமல் இருப்பது உத்தமம்.

பெரிய பிள்ளைகளின் கேம் வேறு கதை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியேறினால், சேர்ந்து ஆடுபவர்கள் தோற்பார்கள், திட்டுவார்கள். சில ஆட்டங்களில் அடுத்த ஆட்டத்துக்கே விடாமல் தடை போடுவார்கள். சமையலறையிலிருந்து "இப்பவே நிறுத்து!" என்று கத்தும்போது பிள்ளைக்கு எழுவது கோபம் மட்டுமல்ல, ஞாயமும் கொஞ்சம் அதன் பக்கம் இருக்கிறது. ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் என்றால், சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்பதே சட்டம். அழைக்கப் போகும்போது, இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து "யார் ஜெயிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அப்புறம் நேரத்தைச் சொல்லிப் பாருங்கள். குரல் உயராது.

போனிலும் கம்ப்யூட்டரிலும் பூட்டு வைத்தால் போதாதா?

வையுங்கள், உதவும். ஆப்பிள் சாதனங்களில் ஸ்கிரீன் டைம் 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்தது. ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க், விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. எல்லாவற்றிலும் ஒரு நாளின் மொத்த நேரம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனி நேரம், இரவில் மூடும் நேரம் ஆகியவற்றை வைக்கலாம். என் அனுபவத்தில் இரவு மூடும் நேரத்தைத் தவிர மற்றவற்றை மெல்ல மெல்லத் தளர்த்திவிடுவதே நல்லது.

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்றால், பிள்ளைக்கு இரண்டு பயனர் கணக்கு உருவாக்குங்கள். 'படிப்பு' என்ற கணக்கில் கேமும் இருக்காது, வீடியோ தளமும் திறக்காது. நேர வரம்பும் கிடையாது. 'விளையாட்டு' என்ற கணக்கில் எல்லாம் இருக்கும், நேரம் மட்டும் அளவாக. மேலே சொன்ன இரண்டு கணக்குச் சட்டத்தை இயந்திரமே நடத்திக்கொள்ளும். பாட வீடியோ வேண்டுமென்றால் அந்த முகவரியை மட்டும் நீங்கள் திறந்துவிடலாம். இரண்டும் சாதாரணக் கணக்காக இருக்கட்டும். நிர்வாகி கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் தாண்டும் வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை மாற்றுவார்கள். ஆப் பூட்டியிருந்தால் அதே தளத்தை உலாவியில் திறப்பார்கள். அரட்டை ஆப்புக்குள் வந்த வீடியோவை அங்கேயே பார்ப்பார்கள். வீட்டில் கிடக்கும் பழைய போனை எடுப்பார்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, நீங்கள் கடவுச்சொல் போடும்போது விரலைப் பார்ப்பது. பத்து, பதினோரு வயது வரை பூட்டு நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் அது ஒரு புதிர்ப்போட்டி, நீங்கள் தோற்பீர்கள். பேச்சுதான் கைகொடுக்கும்.

தூங்கும் முன் எவ்வளவு நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும்?

ஒரு மணி நேரம். திரையின் வெளிச்சம், முக்கியமாக அதிலுள்ள நீல ஒளி, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது என்பது ஒரு காரணம். வெளிச்சத்தை மஞ்சளாக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பரபரப்பான ஆட்டம் மஞ்சள் வெளிச்சத்திலும் பரபரப்பாகத்தான் இருக்கும். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். "அலாரத்துக்கு போன் வேண்டும்" என்றால் ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும்.

கண் கெட்டுவிடுமா?

கண் களைப்படையும், உலரும். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைந்துவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியுள்ள ஏதாவதை இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள், நல்ல பழக்கம். ஆனால் பிள்ளை தானாக அதைச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீர் குடிக்க எழுப்பிவிடுவது எளிது.

கிட்டப்பார்வை விஷயத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டியது பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டு மூன்று ஆண்டு கவனித்தார்கள். 2015-இல் வந்த முடிவுப்படி, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4. நாற்பது நிமிடத்தில் கிடைத்த வித்தியாசம் அது. திரையைக் குறைத்துவிட்டுப் பிள்ளையை அறைக்குள்ளேயே புத்தகத்தோடு உட்கார வைத்தால் கண்ணுக்குப் பெரிய லாபமில்லை.

நன்றாகப் படித்தால் கூடுதல் நேரம் தரலாமா? தப்பு செய்தால் பிடுங்கலாமா?

இரண்டும் எனக்குப் பிடிக்காது. பரிசாகக் கொடுக்கக் கொடுக்க, உலகத்திலேயே மேலான பொருள் அதுதான் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். திரை சம்பந்தப்பட்ட தப்புக்குத் திரையைக் குறைக்கலாம். தம்பியை அடித்ததற்கும் டேப்லெட்டுக்கும் என்ன தொடர்பு?

எனக்கே போனை வைக்க முடியவில்லை. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

சொல்லிவிட்டு எடுங்கள். "மின்கட்டணம் கட்டப் போகிறேன்" என்று சொல்லி எடுத்தால், கட்டி முடித்ததும் கீழே வைத்தாக வேண்டும், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

தாத்தா பாட்டி எவ்வளவு சொன்னாலும் போனைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓடும் குழந்தையின் பின்னால் அவர்களால் ஓட முடியாது என்பதையும் பாருங்கள். மொத்தமாகத் தடுத்தால் ஒளித்துக் கொடுப்பார்கள். "சாப்பாட்டு வேளையில் மட்டும் வேண்டாம், சாயங்காலம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை காட்டுங்கள்" என்று ஒரு வேளையை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடலாம். என்ன ஓடலாம் என்ற பட்டியலை முன்பே தரவிறக்கி வைத்துக் கொடுப்பது உங்கள் வேலை.

பதினாலு வயது. எல்லா நண்பர்களும் சமூக ஊடகத்தில் இருக்கிறார்கள் என்கிறாள்.

பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பல தளங்களில் பதிமூன்று என்ற வயது வரம்பு, சிறுவர்களின் தகவல்களைப் பாதுகாக்க அமெரிக்கா 1998-இல் போட்ட சட்டத்திலிருந்து வந்தது. பதிமூன்றில் மனம் பக்குவப்பட்டுவிடும் என்று யாரும் சோதித்துச் சொன்னதல்ல. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் முக்கியமான தளங்களில் பதினாறு வயதுக்குக் கீழே கணக்கு வைக்கவே தடை போட்டிருக்கிறது. நாடுகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை.

பயமுறுத்தும் தலைப்புகளையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இருவர் 2019-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளை அலசினார்கள். அவர்களின் மனநலத்தில் காணும் வேறுபாடுகளில், டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். இது சராசரிக் கணக்கு. உங்கள் மகள் சராசரி அல்ல. போனை வைத்ததும் முகம் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க முடியும். சிரித்துக்கொண்டு எழுந்தால் ஒன்று, ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனால் வேறொன்று. "எவ்வளவு நேரம் பார்த்தே?" என்று தொடங்கினால் விசாரணை ஆகிவிடும். "இன்னைக்கு யார் என்ன போட்டாங்க?" என்று கேட்டால் பேச்சு வரும்.

விடுமுறையிலும் காய்ச்சல் நாளிலும்?

தளர்த்துங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குச் சட்டம் பேச வேண்டாம். விடுமுறை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பழைய தூக்க நேரத்துக்குத் திரும்பிவிட்டால் போதும்.

இது அடிமைத்தனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறைய ஆடுவது வேறு, நோய் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் வந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் இருந்து, படிப்பு, குடும்பம், நட்பு போன்றவை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். பள்ளிக்குப் போக மறுப்பது, குளிக்காமல் இருப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமை இவை தெரிந்தால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போங்கள். பல நேரம் ஆட்டம் காரணமாக இருக்காது. பள்ளியில் யாரோ சீண்டுவதிலிருந்தோ, பாடம் புரியாத பயத்திலிருந்தோ ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கும்.

ஏற்கெனவே கைமீறிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் இரவு: எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே. இது ஒன்றை மட்டும் இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். முதல் சில நாள் "போரடிக்குது" என்று வீடே அதிரும். அதற்கு நீங்கள் ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வண்ணப் பென்சிலும் பந்தும் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தால் போதும். தூக்கம் சீரானால் பகல் முரண்டும் தானாகக் கொஞ்சம் குறையும். அதன் பிறகு தானாக ஓடும் வீடியோவை அணைப்பது, அப்புறம் இரண்டு பயனர் கணக்கு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் வரம்பைப் பேசும்போது அதையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த அரை மணி நேரம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதற்கே கொடுங்கள். சிலர் பள்ளி விட்டு வந்ததும் கேட்பார்கள், சிலர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கேட்பார்கள். எப்போதாக இருந்தாலும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.